பறக்கும் தட்டுகளும் வரலாற்றுச் சான்றும்

வானத்திலே வழக்கத்துக்கு மாறாக ஓர் ஒளி தோன்றுமாயின், கண்டோர் அதற்கு ஒரு பெயரிட்டு அமைதியடைய விழைதல் இயல்பு. தூமகேது என்றும், உற்பாதம் என்றும், தேவ விமானம் என்றும் முன்னோர் இட்ட பெயர்கள் பல. அப்பெயர்கள் வானத்தைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க, அவற்றை இட்டோரின் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் பற்றிக் கூறுவனவே மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்து உலகெங்கும் பரவிய ‘பறக்கும் தட்டு’ என்னும் பெயரும் அத்தகையதே. ஆயின் பழைய உற்பாதங்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. ஓர் அரசாங்கம் தன் விமானப்படையைக் கொண்டு, 1948 முதல் 1969 வரை, கண்டோர் கூற்றுக்களை எழுதி வாங்கி, எண்ணிட்டு, விசாரித்து, முடிபு கூறிக் கோவைப்படுத்தி வைத்தது. சாட்சியம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்னும் வினா வரலாறு பயில்வோர் யாவர்க்கும் உரியதாதலின், அக்கோவைகள் நமக்கும் பெரிதும் பயன்படும். வேற்றுலகத்தார் வந்தனரோ என்பதை ஈண்டு யாம் ஆராயப் புகவில்லை. கண்டவர் சொன்னதும், கேட்டவர் எழுதியதும், அறிந்தவர் மறைத்ததுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி பிற்பகல் மூன்று மணியளவிலே, கெனத் ஆணல்ட் என்பவர் வாசிங்டன் மாநிலத்து மலைகளின் அருகே தமது சிறு விமானத்தைத் தனியே செலுத்திச் சென்றார். அவர் ஐடகோ மாநிலத்துப் போயிசி நகரத்தவர். தீயணைக்குங் கருவிகளை விற்கும் வணிகர். காணாமற் போன படைவிமானமொன்றைக் கண்டுபிடிப்போர்க்கு 5,000 டொலர் பரிசளிக்கப்படும் என்றிருந்தமையால், செல்லும் வழியிற் சிறிது நேரம் றெயினியர் மலைப்பக்கம் தேடிப் பார்க்க எண்ணினார். அவ்வேளை கண்ணைப் பறிக்கும் ஒளியொன்று தம் விமானத்தின்மேற் பட்டுத் தெறித்தது. திரும்பி நோக்கினார். ஒன்பது பொருள்கள் நிரையாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி விரைந்தன. ஆணல்ட் பதற்றமடைந்து வாளாவிருந்தாரல்லர். மணிக்கூட்டைப் பார்த்து, றெயினியர் மலையிலிருந்து அடம்ஸ் மலை வரை செல்ல அவற்றுக்கு 1 நிமிடமும் 42 செக்கனும் ஆயின என்று குறித்துக்கொண்டார். இரு மலைகட்கும் இடைத்தூரம் 47 மைல் எனக் கொண்டாற் கிடைக்கும் வேகம் மணிக்கு 1,600 மைலுக்கு மேலாகும். ஐந்து நாட்களுக்கு முன்னர், யூன் 19ஆந் திகதி நிலைநாட்டப்பட்ட உலக விமான வேகமோ 623 மைல் மாத்திரமே. மனிதன் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்தது அவ்வாண்டு ஒக்டோபரிலேதான்.

இனிப் பெயர் பிறந்த கதையைக் காண்போம். அப்பொருள்கள் எவ்வாறு சென்றன என்று பத்திரிகையாளர் வினவ, நீரின்மேல் எறியப்பட்ட தட்டுத் தத்தித் தத்திச் செல்வது போலச் சென்றன என்னுங் கருத்துப்பட ஆணல்ட் விடை கூறினார். தட்டு என்றது செலவுக்கு உவமை, வடிவுக்கன்று. அவர் விமானப்படைக்கு வரைந்து கொடுத்த படத்திலே முன்புறம் வளைந்தும் பின்புறம் குறுகியும், பாதணியின் குதிப்பகுதியை ஒத்த உருவமே காணப்படுகின்றது. ஆயினும் பத்திரிகைகள் தொழிலுவமத்தை மெய்யுவமமாக மாற்றிவிட்டன. இலக்கணம் கற்ற மாணாக்கர்க்கு இவ்விரண்டின் வேறுபாட்டை யாம் விளக்கவேண்டியதில்லை. வியப்பு யாதெனின், அச்செய்தி வெளிவந்த சில வாரங்களுள் நாடெங்கணும் நூற்றுக்கணக்கானோர் வானிலே வட்டமான தட்டுகளையே காணத் தலைப்பட்டமையாம். ஆணல்ட் காணாத வடிவத்தை ஏனையோர் கண்டனர். பத்திரிகையின் ஒரு சொல், காண்பவர் கண்ணுக்கு முன்னே சென்று நின்றது.

ஆணல்ட் கூற்றை முதன்முதல் விஞ்ஞான முறையில் நுணுகி நோக்கியவர் ஓகையோ அரச பல்கலைக்கழகத்து வானியலாசிரியர் யே. அலன் கைனெக். 1948ஆம் ஆண்டிலே விமானப்படை அவரைத் தன் ஆலோசகராக அமர்த்தியது. ஆணல்ட் கூறிய தூரமும் பருமனும் தம்முள் முரணுவதை அவர் எடுத்துக் காட்டினார். இருபது இருபத்தைந்து மைலுக்கு அப்பால் உள்ள பொருள், வடிவம் விளங்கத் தோன்றவேண்டுமாயின் மிகப் பெரியதாயிருத்தல் வேண்டும். ஆணல்ட் கூறிய பருமனே உண்மையாயின் அது மிக அண்மையில் இருந்திருத்தல் வேண்டும். தூரத்தை ஆறு மைலெனக் கொண்டால் வேகமும் அவ்வளவுக்குக் குறைந்து, மணிக்கு ஏறக்குறைய 400 மைலாகிவிடும். அவ்வேகத்திற் செல்லும் விமானங்கள் அக்காலத்து உண்டு. அவை ஒரு மலைமுகட்டின் பின்னே மறைந்தன என்று ஆணல்ட் கூறியது இவ்விளக்கத்துக்கு இடராகவே உள்ளது. எனினும் ஒன்று தெளிவு. வெறும் வானத்திலே ஒப்புநோக்க வேறு பொருளின்றிக் காணப்படும் ஒன்றின் தூரமும், பருமனும், வேகமும் ஆகிய மூன்றையும் கண்ணாற் கூறல் இயலாது. ஒன்றை அறிந்தாலன்றி மற்றிரண்டையும் அறிதற்கில்லை. நேர்மையான சாட்சியும் இங்கே தவறுவான். பொய் சொல்வதனாலன்று, அளக்க இயலாததை அளந்ததாக நம்புவதனால்.

விமானப்படையின் விசாரணை 1948 யனவரியிலே ‘சைன்’ என்னும் பெயரோடு ஓகையோ மாநிலத்து றைற் தளத்தில் ஆரம்பமாயிற்று. மறுவருடம் ‘கிறட்ஜ்’ எனப் பெயர் மாறிற்று. 1952 மார்ச்சு மாதத்திலிருந்து ‘நீலப் புத்தகம்’ என்னும் பெயரால் வழங்கலாயிற்று. அதற்குத் தலைமை தாங்கிய கப்டன் எட்வேட் றப்பெல்ற் என்பவரே, தட்டு என்னும் சொல் முடிவை முன்கூட்டியே உணர்த்துவதென்று கண்டு, ‘இனங்காணப்படாத பறக்கும் பொருள்’ என்னுந் தொடரை வழக்கிற் கொணர்ந்தவர்.

விசாரணை தொடங்கிய அம்மாதத்திலேயே ஓர் உயிர் பலியாயிற்று. 1948 யனவரி 7ஆந் திகதி கென்ரக்கி மாநிலத்துக் கொட்மன் விமானத்தளத்தார் வானிலே பெரியதோர் ஒளிப்பொருளைக் கண்டனர். அவ்வழியே படைவிமானங்களுடன் வந்த கப்டன் தோமஸ் மன்ரெல் அதனைப் பின்தொடர்ந்து மேலேறினார். அவர் விமானத்திலே உயிர்வாயுக் கருவி இல்லை. காற்று மெலிந்த உயரத்திலே உணர்விழந்து, விமானம் வீழ்ந்து மாண்டார். அவருக்கு வயது 25. அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்று முதலிற் கூறப்பட்டது. பகலிலே வெள்ளி கண்ணுக்குப் புலப்படுதல் அரிதாதலின், அவ்விளக்கம் பலருக்கு ஏற்புடைத்தாயிருக்கவில்லை. கடற்படையினர் மேல்வளிமண்டல ஆராய்ச்சிக்காக இரகசியமாக ஏவிவந்த ‘ஸ்கைகூக்’ என்னும் மாபெரும் பலூனே அதுவாதல் வேண்டும் என்பது பின்னரே வெளிவந்தது. வான்படை வீரன் ஒருவன், தன் நாட்டுக் கடற்படையின் பலூனை அன்னியப் பொருளென்று துரத்தி உயிரிழந்தான். அப்படையினர் ஒருவர்க்கொருவர் சொல்லாது மறைத்தமையே காரணம். இந்நிகழ்ச்சி பின்னர் யாம் கூறவிருப்பதற்குத் தோற்றுவாய் போல்வது.

இவ்வரலாற்றின் உச்சம் 1952ஆம் ஆண்டு யூலை மாதம். அவ்வொரு வருடத்திலே விமானப்படைக்குக் கிட்டிய முறைப்பாடுகள் 1,501. யூலை 19ஆந் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், தலைநகராகிய வாசிங்டனின் தேசிய விமான நிலையத்து றேடார்த் திரையிலே ஏழு புள்ளிகள் தோன்றின. அண்மையிலிருந்த அன்றூஸ் விமானப்படைத் தளத்தாரும் தம் கருவியிற் சிலவற்றைக் கண்டனர். வானிற் சென்றுகொண்டிருந்த பயணிகள் விமானமொன்றின் தலைவருக்கு வானொலி வழியாக இதனை அறிவித்தபோது, தாமும் ஒளிகளைக் காண்பதாக அவர் கூறினார். போர்விமானங்கள் வந்தபோது புள்ளிகள் மறைந்தன. அவை மீண்டபின் புள்ளிகளும் மீண்டன. ஒரு வாரங் கழித்து, 26ஆந் திகதி இரவும் இதுவே நிகழ்ந்தது. வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் மேலே அறியப்படாத பொருள்கள் திரிகின்றன என்று பத்திரிகைகள் முழங்கின. சோவியத்து நாடு அணுக்குண்டை வெடித்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. கொரியாவிலே போர் நடந்துகொண்டிருந்தது. மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

யூலை 29ஆந் திகதி மேஜர் ஜெனரல் யோன் சம்போட் பத்திரிகையாளரைக் கூட்டி விளக்கமளித்தார். அவர் கூறிய காரணம் வளிமண்டலத்தின் வெப்பநிலை நேர்மாறல். வழக்கமாக உயரம் மிக மிக வளி குளிர்ந்து செல்லும். வெப்பமான பகலைத் தொடர்ந்து வரும் தெளிந்த இரவிலே நிலம் விரைவிற் குளிர, அதனை அடுத்த வளியும் குளிர்கின்றது. மேலேயுள்ள வளியோ வெம்மை நீங்காதிருக்கின்றது. இவ்விரு படைகளும் சந்திக்குமிடத்து றேடார் அலைகள் வளைந்து கீழிறங்கி, நிலத்திலுள்ள பொருள்களிற் பட்டு மீள்கின்றன. கருவி அதனை அறியாது, அலை நேரே சென்றதாகக் கொண்டு, வானிலே ஒரு பொருளைக் காட்டுகின்றது. நம் வெளிகளிலும் வெயிலிற் காய்ந்த தெருக்களிலும் தோன்றும் கானல்நீருக்குக் காரணமான விதியே இதற்குங் காரணம். அங்கே கண் ஏமாறுகின்றது, இங்கே கருவி ஏமாறுகின்றது. குடியியல் விமான நிருவாகத்தார் 1953இல் நடத்திய ஆராய்ச்சியும், இத்தகைய புள்ளிகள் நேர்மாறல் நிலவிய இரவுகளோடு பொருந்துவதைக் காட்டிற்று. றேடார் நிலையத்தார் இதனை ஒப்பவில்லை. நேர்மாறலின் தோற்றங்களைத் தாம் நன்கறிவர் என்றும், இவை அவை போன்றன அல்ல என்றும் வாதித்தனர். பல்லாண்டுப் பழக்கமுடையோர் சொல்லை எளிதில் ஒதுக்கல் தகாது. ஆயினும் விமானத் தலைவர் கண்ட ஒளிகளைப் பற்றி ஒன்று நினைக்கவேண்டும். உமது வலப்புறத்திலே ஏதோ உள்ளது, பாரும் என்று இரவில் ஒருவருக்குச் சொன்னால், அவர் வானத்திலே ஓர் ஒளியைக் காணாதிருப்பது அரிது. இரு சாட்சிகளுள் ஒருவர் மற்றவரைத் தூண்டியவிடத்து, அவரை இரு சாட்சிகளாக எண்ணுதல் நீதிமன்றத்திலும் செல்லாது, வரலாற்றிலுஞ் செல்லாது.

1953 யனவரியிலே மத்திய உளவு நிறுவனம், பௌதிக அறிஞர் எச். பி. றொபேட்சன் தலைமையில் விஞ்ஞானிகள் ஐவரைக் கூட்டி நான்கு நாள் ஆராயச் செய்தது. யூற்றா மாநிலத்திலே எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்று அவர் முன் காட்டப்பட்டது. கடற்படையின் படப்பரிசோதகர் ஏறக்குறைய 1,000 மணிநேரம் உழைத்து, அதிலுள்ள வெண்புள்ளிகள் தாமே ஒளிவிடும் பொருள்கள் என்று முடிபு செய்திருந்தனர். குழுவினரோ, வெயிலிற் பறக்கும் கடற்பறவைகளே அவை எனக் கருதினர். அவர்தம் இறுதி அறிக்கையிலே ஒளிகளைப் பற்றிய அச்சத்தினும் ஒளிகளைக் கண்டவர்களைப் பற்றிய அச்சமே மேலோங்கி நிற்கின்றது. பகைவர் விமானங்கள் மெய்யாகவே வரும் வேளையிலே, தட்டுகளைப் பற்றிய செய்திகள் எச்சரிக்கை வழிகளை அடைத்துவிடுமே என்று அவர் கலங்கினர். ஆகவே பொதுமக்களின் ஆர்வத்தைத் தணிக்குமாறும், இவ்விடயத்தில் ஈடுபட்ட சங்கங்களைக் கண்காணிக்குமாறும் ஆலோசனை கூறினர். அவ்வறிக்கை பல்லாண்டு மறைத்து வைக்கப்பட்டது. மெய்காணப் புகுந்த விசாரணை, மனத்தை அமைதிப்படுத்தும் வேலையாக மாறிய இடம் இதுவென்பது எமது துணிபு.

அம்மாற்றத்தின் பயனைக் கைனெக் 1966இல் அனுபவித்தார். மார்ச்சு மாதத்திலே மிச்சிக்கன் மாநிலத்தில், டெக்ஸ்ரர், கில்ஸ்டேல் என்னும் இடங்களிலே சதுப்பு நிலங்களின் மேல் ஒளிகள் காணப்பட்டன. சாட்சிகள் பலர், கல்லூரி மாணவியரும் அவருள் அடங்குவர். நூற்றுக்கணக்கிற் குழுமிய பத்திரிகையாளர் முன்னே, அழுகிய தாவரங்களிலிருந்து எழும் சதுப்பு வாயு எரிவதால் இவ்வொளிகள் தோன்றியிருக்கலாம் என்று கைனெக் கூறினார். இருக்கலாம் என்று அவர் கூறியது அச்சில் இருக்கவில்லை. நாடே நகைத்தது. கொள்ளிவாய்ப் பேய் என்று ஒரு சொல் தமிழில் நெடுங்காலமாக உண்டு. சதுப்பு நிலத்தொளி நம் நாட்டாருக்குப் புதிதன்று. ஆயினும் கண்ணாற் கண்ட குடியானவனை நோக்கி நீ கண்டது நாற்றவாயு என்று சொல்வது, அது மெய்யாயினும், அவனுக்கு அவமதிப்பாகவே தோன்றும். அம்மாநிலத்துப் பிரதிநிதியும் பின்னாளிற் சனாதிபதியானவருமாகிய ஜெரல்ட் போட், நாடாளுமன்றம் இதனை விசாரிக்கவேண்டுமென்று கேட்டார். ஏப்பிரிலில் விசாரணை நடந்தது. அதன் விளைவாகக் கொலறாடோப் பல்கலைக்கழகத்திலே பௌதிகப் பேராசிரியர் எட்வேட் கொண்டன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது.

கொண்டன் அறிக்கை 1969 யனவரியில் வெளியாயிற்று. இருபத்தொரு ஆண்டுக்கால ஆராய்ச்சி விஞ்ஞான அறிவுக்கு யாதுஞ் சேர்க்கவில்லை, மேலும் விரிவாக ஆராய்தல் வேண்டாம் என்பது அதன் முடிபு. பள்ளிப் பிள்ளைகள் இவ்விடயம் பற்றிய நூல்களைப் படித்துச் செய்யும் வேலைக்கு ஆசிரியர் புள்ளி வழங்கலாகாது என்றும் கொண்டன் எழுதினார். இதில் யாம் அவருடன் மாறுபடுகின்றோம். சான்றை நிறுத்துப் பார்க்கும் பயிற்சிக்கு அக்கோவைகளிலும் ஏற்ற பாடம் எளிதிற் கிட்டாது. அதற்கு அவ்வறிக்கையே உதாரணந் தருகின்றது.

1968 மார்ச்சு 3ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாழ்வோர், வானிலே தீப்பொறி நிரையொன்று ஓசையின்றிச் செல்லக் கண்டனர். சோவியத்து நாடு முதல்நாள் ஏவிய ‘சோண்ட் 4’ என்னும் விண்கலத்தைச் சார்ந்த உந்துகணைப் பகுதிகள் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தமையே அது. என்ன பொருள், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பன ஐயமற அறியப்பட்டமையால், சாட்சிகளைச் சோதிப்பதற்கு இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை. வானியலறிஞர் வில்லியம் காட்மன் கிடைத்த கடிதங்களை ஒருங்கு வைத்து ஒப்பிட்டார். பெரும்பாலோர் தாம் கண்டதைச் சரிவரவே எழுதியிருந்தனர்: பொறிகள், வால், திசை, மௌனம். சிலரோ, சுருட்டுப் போன்ற நீண்ட கப்பலொன்றையும், அதன் பக்கத்திலே சதுரச் சாளரங்களையும், உள்ளிருந்து வரும் ஒளியையும் கண்டனர். தகடுகள் ஆணியாற் பொருத்தப்பட்டிருந்தமை கண்டாரும் உளர். மரமுனையளவு தாழ்ந்து சென்றது என்றார் ஒருவர். தமது நாய் அஞ்சி முனகிற்று என்றார் ஓகையோவைச் சேர்ந்த வேறொருவர். இருளிலே வரிசையாகச் செல்லும் ஒளிகளைக் கண்ட மனம், அவற்றைச் சாளரங்களாக்கி, சாளரங்களைச் சுற்றி ஒரு கலத்தையும் கட்டிவிட்டது. மனக்கிளர்ச்சி மிக்கோரே விரிவாகவும் விரைவாகவும் எழுத முற்படுவர் என்றும் காட்மன் குறித்தார். கோவையிலே தடித்த கடிதம் எதுவோ அதனையே முதலில் எடுத்துப் படிக்கும் ஆராய்ச்சியாளர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

1969 டிசம்பர் 17ஆந் திகதி நீலப் புத்தகம் மூடப்பட்டது. மொத்தம் 12,618 முறைப்பாடுகள். அவற்றுள் 701 இனங்காணப்படாதவை. நூற்றுக்கு ஐந்தரை. இவ்வெண்ணை இரு திறத்தாரும் தத்தமக்குச் சார்பாக எடுத்தாளுவர். விளக்கம் இல்லை என்பதற்குப் பொருள், பதிவான செய்தி விளக்கம் காண்பதற்குப் போதாது என்பதாகவும் இருக்கலாம்; காரணத்தை அறிந்த வேறொருவர் வாய்திறக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

அவ்விரண்டாவது வகையினதே பெரிதும் கருதத்தக்கது. 1947 யூலையிலே நியூ மெக்சிக்கோ மாநிலத்து றொஸ்வெல் தளத்தார், பறக்கும் தட்டொன்று கிடைத்ததென்று அறிக்கை விட்டனர். உடனேயே அது வானிலைப் பலூன் என்று திருத்தப்பட்டது. 1994இலே விமானப்படை உண்மையை வெளியிட்டது. சோவியத்து அணுக்குண்டு வெடிக்கும் ஓசையை மேல்வளியிலே செவிமடுப்பதற்காக ‘மோகல்’ என்னும் மறைபெயரால் ஏவப்பட்ட பலூன் தொடரே ஆங்கு வீழ்ந்தது என்பது அதன் முடிபு. 1955 ஓகத்து மாதத்திலே பறக்கத் தொடங்கிய யூ-2 வேவு விமானம் 60,000 அடிக்கு மேலே சென்றது. பயணிகள் விமானங்கள் அதன் மூன்றிலொரு பங்கு உயரத்துக்குமே அரிதாகச் சென்ற காலம் அது. கீழே அந்தி மயங்கியபின்னும் மேலே வெயில் படுமாதலின், அதன் வெள்ளிச் சிறகுகள் தீப்போல ஒளிர்ந்தன. கண்டவர் எழுதினர், நீலப் புத்தகத்தார் உளவு நிறுவனத்தாரிடம் கேட்டு உண்மையை அறிந்தனர், அறிந்தும் எழுதியவர்க்கு வேறு காரணங் கூறினர். அவ்விருபதாண்டுகளின் பிற்கூற்றிலே வந்த முறைப்பாடுகளிற் பாதிக்கு மேற்பட்டன இத்தகைய விமானங்களாலாயவை என்று, உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியர் ஒருவர் 1997இல் எழுதினார். இது மிகைக் கூற்றென்றே தோன்றுகின்றது. முறைப்பாடுகள் பெருகிய 1952ஆம் ஆண்டிலே யூ-2 பிறக்கவேயில்லை. முன்பு வாய்மூடியிருந்த நிறுவனம் பின்பு தன் பங்கைப் பெருக்கிக் கூறினால், அதனையும் சான்றென்ற முறையிலே நிறுத்துத்தான் கொள்ளவேண்டும்.

கைனெக்கின் கதை வேறு வழியிற் சென்றது. யாவற்றுக்கும் விளக்கம் உண்டென்று தொடங்கியவர், இருபதாண்டு கோவைகளோடு வாழ்ந்தபின், எஞ்சியவற்றை விஞ்ஞானம் ஒதுக்குவது தகாது என்னும் நிலையை அடைந்தார். 1973இலே தாமே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். ஹலியின் தூமகேது தோன்றிய 1910இற் பிறந்து, அது மீண்டுவந்த 1986இல் மறைந்தார். அவருக்குப் பின்னரும் வினா ஓயவில்லை. 2021 யூனில் அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட அறிக்கையிலே, படையினர் கண்ட 144 நிகழ்ச்சிகளுள் ஒன்றுக்கே உறுதியான விளக்கம் கூறப்பட்டது. காற்றிறங்கிய பலூன் அது. பாதுகாப்புத் திணைக்களம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்றறிக்கை, வேற்றுலகக் கலத்துக்குச் சான்று யாதுமில்லை என்றும், பழைய முறைப்பாடுகள் பல இரகசிய விமானங்களாலும் விண்வெளி முயற்சிகளாலும் எழுந்தன என்றும் கூறுகின்றது.

நீலப் புத்தகத்தின் கோவைகள் 1976 முதல் வாசிங்டன் தேசிய சுவடிக்கூடத்தார் பொறுப்பிலே, 94 சுருள் நுண்படமாக எவரும் சென்று பார்க்கத்தக்கவாறு உள்ளன. கண்டோரின் பெயர்கள் மட்டும் மறைக்கப்பட்டுள்ளன. நாள், இடம், மணி, திசை, நிறம், ஒளி நிலைத்த செக்கன்கள் ஆகியவற்றோடு, சாட்சிகள் கையால் வரைந்த படங்களும் அப்படியே இருக்கின்றன.